பித்தப்பைக் கல்

பிப்ரவரி 19, திங்கள்

எடை 71.2. புரதம் 54 கிராம். தண்ணீர் இரண்டு லிட்டர். மாத்திரை போட்டாச்சு.

மேலே இருக்கிற வரி ஷைனி மேடத்துக்கு. அவர் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியின் டயட்டீஷியன். போன வருஷம் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது முதல் நோட்டைக் கையில் கொடுத்து, "தினமும் எழுதணும், பொய் எழுதக் கூடாது" என்றார். வாரம் ஒருமுறை அந்த வரிகளைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். இது மூன்றாவது நோட்டு. அடியில் எழுதுவதெல்லாம் எனக்கு. அதை விரலால் மறைத்துக்கொண்டுதான் போட்டோ எடுப்பது.

காலையில் பார்த்தேன். இரண்டு கோடு. நம்பாமல் இன்னொன்று வாங்கி மத்தியானமும் பார்த்தேன். அதிலும் இரண்டு கோடு.

சந்தோஷம்தான். ஆனால் முதலில் ஞாபகத்துக்கு வந்தது சர்ஜன் சொன்ன கணக்கு. பதினெட்டு மாசம் கழித்துத்தான் குழந்தை என்றார். என் இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்து இன்றைக்குப் பதினோரு மாசம்தான் ஆகிறது. மிச்சம் இருப்பது ஒரு வாழைப்பழ அளவு. அன்றைக்கு நான் நூற்றியெட்டு கிலோ. பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு எப்போதும் காலியாகத்தான் இருக்கும்.

இந்த வீட்டில் அது யாருக்கும் தெரியாது. வயிற்றில் இருக்கும் ஐந்து சின்னத் தழும்புக்குக் காரணம் பித்தப்பைக் கல் என்று பெண் பார்க்க வந்த அன்றே அம்மா சொல்லிவிட்டாள். கல்லுக்கும் கிட்டத்தட்ட அதே இடங்களில்தான் ஓட்டை போடுவார்களாம், விசாரித்து வைத்திருந்தாள். குழந்தையைத் தள்ளிப்போடுவதற்கு என்ன காரணம் சொல்வது என்பதை மட்டும் அவள் விசாரிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 21, புதன்

எடை 71.0. புரதம் 38. தண்ணீர் ஒன்றரை. மாத்திரை போட்டாச்சு.

வீட்டில் சொல்லியாகிவிட்டது. என் வீட்டுக்காரர் பெயர் யுவராஜ். அவருடைய ராஜாங்கம் தாராபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாட்டுத்தீவனக் கடை. மாட்டைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார். என்னைப் பார்த்து இதுவரை ஒன்றும் கண்டுபிடித்ததில்லை. செய்தி கேட்டதும் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து "நெசமாவா? நெசமாவா?" என்று நாலு தடவை கேட்டார்.

அத்தை, அவருடைய அம்மா, ஒன்றும் கேட்கவில்லை. நேரே அடுப்படிக்குப் போய்க் கடலைப்பருப்பை வேகப்போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் வெல்லப் பூரணம் வைத்த ஒப்புட்டு தயார். நெய் வழிந்தது.

"இனி ரெண்டு உசுருக்குத் திங்கோணும் கண்ணு. ரெண்டா எடுத்துக்க."

ஒன்றரை தின்றேன். இருபது நிமிஷத்தில் நெஞ்சு படபடவென்று அடித்து, வேர்த்து ஊற்றி, கை நடுங்க ஆரம்பித்தது. இனிப்பு அதிகமானால் வெட்டுப்பட்ட வயிறு இப்படித்தான் பழிவாங்கும். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். வெளியே அத்தை போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். "மசக்கை ஆரம்பிச்சிருச்சுங்கக்கா." குரலில் அவ்வளவு பூரிப்பு.

மார்ச் 4, திங்கள்

எடை 70.6. புரதம் 41. தண்ணீர் ஒன்றரை. மாத்திரை போட்டாச்சு.

டாக்டரம்மாவிடம் போனோம். அத்தையும் கூடவே உள்ளே வந்தார்கள். இந்த ஊரில் மாமியார் இல்லாமல் எந்த மருமகளும் டாக்டரைப் பார்ப்பதில்லை போலிருக்கிறது, நாற்காலியே இரண்டு போட்டு வைத்திருக்கிறார்கள். கேள்வியெல்லாம் எனக்கு, பதிலெல்லாம் அத்தை.

"முன்னாடி ஏதாச்சும் ஆபரேஷன்?"

"பித்தப்பைல கல்லுங்க டாக்டர். போன வருசம் எடுத்துட்டாங்க."

டாக்டரம்மா தழும்பைப் பார்த்துவிட்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார். நான் மேஜைக்கு அடியில் அத்தையின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயே திறக்காமல் ஒரு பொய் சொல்லி முடித்துவிட்டேன்.

பிறகு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து ரத்தம் எடுக்க வேண்டும் என்றார்கள். குடித்தேன். அரை மணி நேரத்தில் பெஞ்சிலேயே சரிந்துவிட்டேன். நர்ஸ் விசிறிவிட்டு, "சிலருக்கு இது ஒத்துக்காதுங்க" என்றார்.

மார்ச் 5, செவ்வாய்

எடை 70.6. புரதம் 44. தண்ணீர் இரண்டு. மாத்திரை போட்டாச்சு.

மொட்டைமாடியில் துணி காயப்போடும் சாக்கில் ஷைனி மேடத்துக்குப் போன் செய்தேன். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"டாக்டர்கிட்ட ஃபைலைக் காட்டு இந்து. உனக்கு அந்த சர்க்கரைத் தண்ணி டெஸ்ட்டே வைக்கக் கூடாது. இரும்பு, பி டுவெல்வ், வைட்டமின் எல்லாம் மூணு மாசத்துக்கு ஒருமுறை ரத்தத்துல பார்க்கணும். மாத்திரை ஒரு நாள் விடக் கூடாது. இனி எடை குறையவே கூடாது. கேட்டியா, குறையவே கூடாது."

"காட்டறேன் மேடம்."

"எப்போ?"

"அடுத்த தடவை போறப்ப."

எடை குறையக் கூடாது என்று ஒருவர் என்னிடம் சொல்வது என் ஆயுசில் இதுதான் முதல் தடவை.

மார்ச் 17, ஞாயிறு

எடை 70.1. புரதம் 50. தண்ணீர் இரண்டு. மாத்திரை போட்டாச்சு.

சூலூரிலிருந்து அம்மா வந்தாள். அத்தை பால் வாங்கப் போன நேரத்தில் கேட்டேன், டாக்டரிடம் மட்டும் சொல்லிவிடட்டுமா என்று.

"அங்க சீட்டு எழுதற புள்ள ஆருன்னு நெனைச்சே? உன்ற மாமியாளுக்குச் சொந்தம். மத்தியானத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிரும். கல்யாணமாயி அஞ்சு மாசங்கூட ஆவல. கொழந்தை பொறக்கட்டும் அம்மிணி. மடியில கொழந்தை இருந்துச்சுன்னா அப்பறம் ஆரு இதெல்லாம் கேக்கப்போறா?"

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பதினோரு மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டில் வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போனார்கள். "நல்ல பொண்ணுதான், ஆனா" என்ற அந்த ஆனாவைப் பதினோரு தடவையும் வாசலில் நின்று வாங்கிக்கொண்டவள் அவள்தான்.

மார்ச் 28, வியாழன்

எடை 69.8. புரதம் 52. தண்ணீர் இரண்டு. மாத்திரை போட்டாச்சு.

நாள் முழுக்க அத்தையோடு புளியில் கொட்டை எடுத்தேன். விரலெல்லாம் கறுத்துவிட்டது. பதினோரு மணிக்கு ஒரு டம்ளர் பால், நாலு மணிக்கு ஒரு டம்ளர். குடிப்பதாகச் சொல்லிப் பின்பக்கம் போய் வாழைக்கு ஊற்றிவிட்டேன். வாழை நன்றாக வருகிறது.

கொள்ளுப்பருப்பு சாப்பிட ஆசையாக இருக்கிறது என்றேன். கர்ப்பக்காரிக்குக் கொள்ளு சூடு என்று அத்தை தயங்கினார்கள். ஆசைப்பட்டுக் கேட்கிறாளே என்று கொஞ்சமாக வைத்துக் கொடுத்தார்கள். கொள்ளு உடம்பைக் கரைக்கும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். அதற்காகக் கேட்கவில்லை. ருசிக்காகத்தான்.

ஏப்ரல் 8, திங்கள்

எடை 70.9. புரதம் 55. தண்ணீர் இரண்டு. மாத்திரை போட்டாச்சு.

பத்து நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறியிருக்கிறது. மிஷினை இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன். வளையலைக் கழற்றிப் பார்த்தேன். அதேதான். எதனால் என்று தெரியவில்லை.

கடைக்கு வந்த ஒரு அக்கா சொன்னார், சத்து மாத்திரை போட்டுத்தான் தன் மருமகள் ஊதிப்போனாளாம், பெற்ற பிறகும் இறங்கவே இல்லையாம்.

ஏப்ரல் 10, புதன்

எடை 70.7. புரதம் 55. தண்ணீர் இரண்டு. மாத்திரை போட்டாச்சு.

மாத்திரை டப்பாவை பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் மாற்றி வைத்தேன். வெளியே இருந்தால் என்ன மாத்திரை என்று யாராவது கேட்பார்கள்.

ஏப்ரல் 14, ஞாயிறு

எடை 70.0. புரதம் 58. தண்ணீர் இரண்டு. மாத்திரை போட்டாச்சு.

சித்திரை ஒன்று. இலையில் பதினெட்டு வகை. பொரியலைப் பரப்பி வைப்பது, அப்பளத்துக்குக் கீழே சோற்றை ஒதுக்குவது, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இலையை மூடுவது. இதற்கெல்லாம் பரீட்சை வைத்தால் மாநிலத்தில் முதல் இடம் எனக்குத்தான்.

ஏப்ரல் 26, வெள்ளி

எடை 69.4. புரதம் 58. தண்ணீர் இரண்டு. மாத்திரை போட்டாச்சு.

இவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். ஒரு பெரியவர் தன் சினைமாடு தேறவே இல்லை என்று புலம்பினார். இவர் மினரல் மிக்சர் பாக்கெட் ஒன்றை எடுத்துக் கொடுத்து, "இதை ஒரு நாளும் விடாதீங்க. நாம போடறது பத்தலைன்னா கன்னு தாயோட எலும்புல இருந்து உறிஞ்சும். அதுலயும் இல்லைன்னா கன்னுதானுங்க போகும்" என்றார். எப்போதும் விளையாட்டுப் பேச்சு பேசுகிறவர், மாட்டு விஷயத்தில் மட்டும் டாக்டர் மாதிரி ஆகிவிடுவார்.

வரும் வழியில் கேட்டார். "உங்கூட்ல உன்ற சின்ன வயசு போட்டோ ஒண்ணுகூட இல்லியே, ஏன்? நம்ம கொழந்தை ஆரு மாதிரின்னு பாக்கோணுமில்ல."

வெள்ளம் வந்தபோது போய்விட்டது என்றேன். சூலூரில் எங்கள் தெருவுக்கு வெள்ளம் வந்ததே கிடையாது.

மே 9, வியாழன்

எடை 69.3. மாத்திரை போட்டாச்சு.

உள்ளே அசைந்தது. இமை துடிக்கிற மாதிரி. துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு தடவை என்று கெஞ்சினேன். அசையவில்லை. கோபக்காரி போலிருக்கிறது, பெண்தான்.

மே 16, வியாழன்

எடை 69.3. மாத்திரை போட்டாச்சு.

சாயங்காலம் படி இருப்பது தெரியாமல் கால் தடுக்கிவிட்டது. பொழுது சாய்ந்தால் எனக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. வராந்தா பல்பை மாற்றச் சொல்ல வேண்டும்.

மே 20, திங்கள்

எடை 69.1. புரதம் 60. தண்ணீர் இரண்டு. மாத்திரை போட்டாச்சு.

ஸ்கேன். உறுப்பெல்லாம் சரியாக இருக்கிறது. வளர்ச்சி மட்டும் பத்து நாள் பின்னால் இருக்கிறதாம்.

"எடை ஏறவே இல்லையே. நல்லாச் சாப்பிடச் சொல்லுங்க" என்று டாக்டரம்மா அத்தையைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அத்தைக்கு முகம் செத்துவிட்டது.

அம்மா குள்ளம். நானும் குள்ளம். குழந்தை சின்னதாகத்தான் இருக்கும்.

மே 29, புதன்

எடை 69.2. மாத்திரை போட்டாச்சு.

அத்தை இப்போது தட்டில் போடுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பிசைந்து ஊட்டுகிறார்கள். "இன்னும் ஒரு வாய். இது அப்பனுக்கு. இது உள்ளாற இருக்கற சாமிக்கு." ஏழாவது வாய்க்கு மேல் போனால் நெஞ்சுக்குழியில் கல்லை வைத்து அழுத்துகிறது. பத்தாவது வாயில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா ஞாபகம் வந்துவிட்டது போல என்று தலையைத் தடவிக் கொடுத்தார்கள்.

இன்றைக்குச் சொல்லியிருக்கலாம். வீட்டில் வேறு யாரும் இல்லை.

ஜூன் 23, ஞாயிறு

எடை 69.6. புரதம் 60. தண்ணீர் இரண்டு. மாத்திரை போட்டாச்சு.

கட்டுச்சோறு. ஏழாம் மாசத்துக்குப் பிறந்த வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வர வேண்டும். அம்மா ஏழு வகைச் சாதத்தோடு வேனில் வந்து இறங்கினாள். நான் பட்டுப்புடவையில், கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்தேன். சொந்தத்துப் பெண்களெல்லாம் ஆளுக்கு ஒரு வாய் ஊட்டினார்கள். பதினாறு பேர். தேங்காய்ச் சாதத்தை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும். பாதிக்குமேல் முந்தானையில் துப்பி மடித்துக்கொண்டேன். அம்மா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வெற்றிலைத் தட்டை எடுக்கத் திரும்பிக்கொண்டாள்.

"ஏழு மாசம்னே தெரியலியே. சினிமாக்காரி மாதிரி இருக்கறா" என்று ஒரு பெரியம்மா சொன்னார். கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு கூட்டம் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பொய் எழுத மாட்டேன், எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வழக்கப்படி அம்மா இன்றே என்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். வீட்டில் வெள்ளையடிக்கிற வேலை, ஒன்பதாம் மாசம் கூட்டிக்கொள்கிறேன் என்றாள். வேலை ஒன்றும் நடக்கவில்லை. நான் அங்கே இருந்தால் இவர்கள் வந்து போவார்கள், எங்கள் தெருவில் யாராவது என் பழைய உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம் அவளுக்கு.

ஜூலை 15, திங்கள்

எடை 69.0.

ஸ்கேனில் குழந்தை எண்ணூறு கிராம்கூட இல்லையாம். இந்த மாசத்தில் ஒரு கிலோவுக்கு மேல் இருக்க வேண்டுமாம். தொப்புள்கொடியில் ரத்தம் சரியாகப் போகவில்லை.

"என்னதாங்க சாப்பிடறா இவ?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"நான் நல்லாத்தான் போடறனுங்க. என்ற கையாலதானுங்க ஊட்டறேன்" என்று அத்தை அழுதுவிட்டார்கள். அத்தையை மட்டும் வெளியே உட்காரச் சொல்லி அனுப்பினார்கள்.

அறையில் டாக்டரம்மாவும் நானும் மட்டும். கதவைச் சாத்திவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கிட்ட சொல்லவேண்டியது ஏதாவது இருக்காம்மா? எதுவா இருந்தாலும் வெளிய போகாது."

நான், "இல்லீங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று வீட்டுக்கு வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். மாமியார் பக்கத்தில் இல்லை. அம்மா இல்லை. சீட்டு எழுதுகிற பெண்ணும் இல்லை. நான்தான் இருந்தேன்.

ஜூலை 16, செவ்வாய்

கோயமுத்தூர். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே வந்து படுத்ததும் ஆபரேஷன் விஷயத்தை டாக்டரிடம் சொல்லிவிட்டேன். ஷைனி மேடம் ஃபைலை அனுப்பினார். ரத்தத்தில் இருக்க வேண்டியது எதுவுமே இருக்க வேண்டிய அளவில் இல்லையாம். டாக்டர் கோபப்படவில்லை. இவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் விளக்கினார்.

இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"கல்லுன்னு சொன்னே."

"அம்மா சொன்னாங்க."

"நீயும் சொன்னே. சமஞ்ச கதை, பள்ளிக்கூடத்துக் கதை எல்லாஞ் சொன்னே. இதை மட்டும் கல்லுன்னு சொன்னே."

சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

ஜூலை 18, வியாழன்

ஊசி, குளுக்கோஸ், மறுபடி ஊசி. படுத்தே இருப்பதால் எழுதுகிறேன். ஏப்ரல் பத்தாம் தேதியிலிருந்து இந்த நோட்டில் மாத்திரை போட்டாச்சு என்று எழுதியதெல்லாம் பொய். தினம் ஒன்று எடுத்து வாஷ்பேசினில் போட்டேன், எண்ணிக்கை சரியாகக் குறைய வேண்டும் என்பதற்காக. டாக்டரம்மா கொடுத்த மாத்திரையும் அப்படித்தான். புரதக் கணக்கும் பொய். எடை மட்டும் நிஜம். எடையில் நான் பொய் சொன்னதே இல்லை.

குண்டாகிவிடுவேன் என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஏதாவது இருக்கும் என்று மூன்று நாளாகத் தேடிப் பார்க்கிறேன். இல்லை.

ஜூலை 22, திங்கள்

மத்தியானம் இரண்டு பத்துக்கு. பெண். 720 கிராம்.

ஜூலை 24, புதன்

690 கிராம்.

சக்கர நாற்காலியில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். இவர் கடையில் மினரல் மிக்சர் பாக்கெட் ஒரு கிலோ. அதைவிடக் குறைவு. தோலுக்கு அடியில் நரம்பெல்லாம் தெரிகிறது. கை கழுவிவிட்டு ஒரு விரலை உள்ளே விடச் சொன்னார்கள். பிடித்துக்கொண்டாள். பிடியில் பலம் இருந்தது.

பால் இரண்டு சொட்டு வந்தது. நர்ஸ் அதைக் குழாய் வழியாக அவளுக்குக் கொடுத்தார். குடித்துவிட்டாள். அவள் ஒன்றையும் வேண்டாம் என்று ஒதுக்கவில்லை.

ஜூலை 26, வெள்ளி

695. ஐந்து கிராம் ஏறியிருக்கிறது. ஐந்து கிராம். வார்டில் எல்லோரிடமும் சொன்னேன். ஒரு எடை ஏறியதற்கு நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை. பிள்ளையாரப்பா, என் உடம்பில் இருக்கிறதையெல்லாம் எடுத்து அவளுக்குக் கொடு, நான் பழையபடி நூற்றியெட்டு ஆகிவிடுகிறேன், இருநூறு ஆகிறேன்.

ஜூலை 28, ஞாயிறு

காலை ஏழு மணிக்குப் போய்விட்டாள்.

ஜூலை 29, திங்கள்

இவர் ஒரு துண்டில் சுற்றித் தன் கையிலேயே எடுத்துக்கொண்டு போனார். ஊரில் தோட்டத்தில் வைத்தார்களாம். போகும்முன் சொன்னார், "உன்ற ஆபரேஷனைப் பத்தி எங்கம்மாகிட்ட நான் சொல்லல. எனக்கு வாய் வரல. நீ உங்கம்மாகூடச் சூலூர்லயே இரு." எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பால் இன்னும் வருகிறது. துணி கட்டியிருக்கிறேன். அவள் இருந்தபோது இரண்டு சொட்டுதான் வந்தது.

ஆகஸ்ட் 12, திங்கள்

அம்மா சமைக்கிறாள். நான் சாப்பிடுகிறேன். மாத்திரை மூன்று வேளையும் போடுகிறேன். இது நிஜம். இவர் இன்னும் போன் செய்யவில்லை. அம்மா நேற்று பாத்திரம் துலக்கிக்கொண்டே, "நான் நல்லதுக்குத்தான் அம்மிணி சொன்னேன்" என்றாள். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அத்தை வந்தார்கள். சொல்லாமல், தனியாக, தாராபுரம் பஸ்ஸில். ஆள் பாதியாகிவிட்டார்கள். எங்கே போனாலும் சோறு அடைத்த ஒரு தூக்குப்போசியோடு போகிறவர்கள், இன்றைக்கு வெறுங்கையோடு வந்து கீழே உட்கார்ந்துகொண்டார்கள். நாற்காலி வேண்டாம் என்றுவிட்டார்கள்.

"ஊருல பேசிக்கறாங்க அம்மிணி. வவுத்துப் புள்ளக்காரிக்குச் சோறு போடாம மாமியா புள்ளையைக் கொன்னுட்டாளுன்னு. நான் கோயலுக்குள்ள போனா பேச்சு நின்னுபோவுது. அது கெடக்குது, விடு. எனக்கு ஒண்ணுதான் தெரியோணும். என்ற சோறு உனக்குப் புடிக்கலையா? நான் போட்டதுல என்ன கொறை? சொல்லு, வெசனப்பட மாட்டேன்."

அடுப்படி வாசலில் நின்று அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

சொன்னேன். நூற்றியெட்டு கிலோவில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றை வெட்டியது, கல் என்று சொன்னது, வாழைக்கு ஊற்றிய பால், வாஷ்பேசினில் போட்ட மாத்திரை, கதவைச் சாத்திவிட்டு டாக்டரம்மா கேட்டதும் நான் இல்லீங்க என்றதும். உங்கள் சோற்றில் ஒரு குறையும் இல்லை அத்தை, எனக்குத்தான் வாங்கிக்கொள்ள இடமில்லை, இருந்த இடத்தையும் நான் கொடுக்கவில்லை என்றேன்.

அத்தை அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

"அப்ப நான் ஊட்டறப்பெல்லாம் உனக்கு வலிச்சிருக்குமே" என்றார்கள்.

குழந்தை போனதற்குப் பிறகு இன்றைக்குத்தான் நான் சத்தம் போட்டு அழுதேன். அத்தை என்னைத் தொடவில்லை. எழுந்திருக்கச் சொல்லவுமில்லை. நான் அழுது முடிக்கும்வரை அங்கேயே இருந்தார்கள்.

"எனக்கு ஆத்திரம் இல்லைன்னு நெனைச்சுக்காத. அந்தம்மா கதவைச் சாத்திட்டுக் கேட்டாளே, அப்ப ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை." அம்மா நீட்டிய தண்ணீர்ச் சொம்பை வாங்காமல் செருப்பைப் போட்டுக்கொண்டார்கள்.

பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். வர வேண்டாம் என்று சொல்லவில்லை. திருச்சி ரோட்டில் லாரியாகப் போய்க்கொண்டிருந்தது. தாராபுரம் பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் வாயைத் திறந்தார்கள்.

"எங்கிட்டச் சொன்னதை வேற ஆருகிட்டயும் சொல்லாத."

"ஏனுங்கத்தை?"

"புள்ளையைக் கொன்னவளுன்னு உன்னைப் பேசுவாங்க. அவன் உன்னைக் கூட்டியாறானோ இல்லையோ, எனக்குத் தெரியாது. எங்க இருந்தாலும் நீ இன்னும் பொழைக்கோணும். எனக்கு அறுவத்தி மூணு வயசு. நான் சோறு போடலைன்னே இருந்துட்டுப் போவட்டும்."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். உங்களோடு இதே பஸ்ஸில் ஏறி வருகிறேன், கோயில் வாசலில் நின்று நானே சொல்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. பஸ் வந்து நின்றது. அத்தை படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு பதிலுக்காக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரிங்கத்தை" என்றேன்.